டெகாத்லான்

டெகாத்லான், விளையாட்டுக் கருவிகளையும் மலையேற்றம், முகாம், மிதிவண்டிப் பயணம் ஆகியவற்றுக்கான ஆடை, காலணி, கூடாரம் முதலியவற்றையும் குறைந்த விலையில் விற்கும் பிரெஞ்சுக் கடைத்தொடர். தலைமையகம் வடபிரான்சில் லீல் நகரை ஒட்டிய வில்நெவ் தஸ்க்கில் உள்ளது.

இதை நிறுவியவர் மிஷேல் லெகிளேர்க். ஓஷான் பேரங்காடியைத் தொடங்கிய ஜெரார் முல்லியேயின் உறவினரான இவர், அந்தப் பேரங்காடியிலேயே தொழில் பழகியவர். 1976இல் லீல் அருகே ஆங்லோஸில், ஓஷான் வளாகத்தை ஒட்டியே முதல் கடையைத் திறந்தார். விளையாட்டுப் பொருள்கள் அப்போது பெரும்பாலும் அந்தந்த விளையாட்டுக்குரிய சிறு கடைகளில்தான் கிடைத்தன. மளிகைப் பேரங்காடியின் முறையை லெகிளேர்க் அப்படியே இத்துறைக்குக் கொண்டுவந்தார்: ஊருக்கு வெளியே விசாலமான இடம், வண்டி நிறுத்த வசதி, வாங்குபவரே எடுத்துப் பார்க்கும் அடுக்குகள், எல்லா விளையாட்டுக்கும் ஒரே கடை. முல்லியே குடும்பம் இன்றும் நிறுவனத்தின் முதன்மைப் பங்குதாரர்.

பிறர் சரக்கைக் குறைந்த இலாபத்துக்கு விற்பதோடு நின்றிருந்தால் டெகாத்லான் பத்தோடு பதினொன்றாகவே இருந்திருக்கும். 1986இல் சொந்தத் தயாரிப்பில் இறங்கியதே உண்மையான திருப்பம். முதல் வெளிநாட்டுக் கடையும் அதே ஆண்டில்தான் ஜெர்மனியின் டார்ட்முண்டில் திறக்கப்பட்டது. வடிவமைப்பு முதல் விற்பனை வரை ஒரே கையில் வந்தபின் இடைத்தரகும் விளம்பரச் செலவும் பெருமளவு குறைந்தன. விலை மலிவுக்கு ஆசியத் தொழிற்சாலைகளின் குறைந்த கூலியே காரணம் என்பாருண்டு. ஆனால் அதே நாடுகளில் தைத்து வாங்கும் போட்டியாளர்களின் விலை இறங்கவில்லை.

1990களின் நடுப்பகுதி முதல் ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனி வணிகப்பெயர் இடப்பட்டது. மலைநடைக்குக் கெச்சுவா, நீர் விளையாட்டுக்குத் திரிபோர், உடற்பயிற்சிக்கு டோமியோஸ், குழு ஆட்டங்களுக்குக் கிப்ஸ்டா, மீன்பிடிக்குக் காபெர்லான், கோல்ஃபுக்கு இனெசிஸ் எனப் பட்டியல் நீண்டது. வடிவமைப்புக்கூடங்களும் பயன்படும் இடத்துக்கே பெயர்ந்தன. கெச்சுவா மோன் பிளாங் மலையடிவாரத்திலும், திரிபோர் அட்லாண்டிக் கரையின் ஆந்தாயிலும் அமைந்தன. பனிமலை ஏற்றத்துக்கு மட்டும் புதுப்பெயர் தேடாமல், 1860இல் தொடங்கிய சிமோன் என்ற ஷாமொனி நிறுவனத்தையே 2008இல் வாங்கிக்கொண்டனர்.

இக்கூடங்களின் பெயர்பெற்ற படைப்பு, 2005இல் வந்த ‘2 செகண்ட்ஸ்’ கூடாரம். வட்டமாகச் சுருட்டிய பையிலிருந்து எடுத்து வீசினால் காற்றிலேயே விரிந்து நிற்கும். மடிப்பது வேறு கதை. வளையங்களை முறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடக்கப் பழகாதவர் திணறுவர். மூக்காலும் வாயாலும் மூச்சுவிட உதவும் ‘ஈசிபிரெத்’ முழுமுக நீச்சல் முகமூடி 2014இல் வெளியானது. 2020 கொரோனாப் பரவலின்போது இத்தாலியின் பிரெஷாவில் பொறியாளர்கள் இதைச் சுவாசக் கருவியுடன் இணைக்கும் முகமூடியாக மாற்றியமைத்தனர்.

இந்தியாவில் முதல் கடை 2009இல் பெங்களூரில் தொடங்கியது. அந்நிய முதலீட்டு விதிகளால் அப்போது மொத்த விற்பனைக்கே இடமிருந்தது. 2013இல் ஒற்றை வணிகப்பெயர்ச் சில்லறை விற்பனைக்கு அனுமதி கிடைத்த பின்னரே எல்லாரும் உள்ளே சென்று வாங்க முடிந்தது. சென்னைக் கடைகளில் சொந்தச் சரக்கே நிறைந்திருப்பதற்கு இந்த ஒற்றை வணிகப்பெயர் விதி ஒரு காரணம். ஒவ்வொரு பொருளிலும் வானலை அடையாளச் சில்லு இருப்பதால், கூடையிலுள்ளவற்றைப் பணம் செலுத்துமிடத்துத் தொட்டியில் போட்டதும் பட்டியல் திரையில் வந்துவிடும்.

அமெரிக்கா கைகொடுக்கவில்லை. 1999இல் பாஸ்டன் பகுதியில் வாங்கிய கடைகள் சில ஆண்டுகளில் மூடப்பட்டன. 2017இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய மறுமுயற்சியின் கடைகளும் 2022இல் நின்றன. தாய்நாட்டிலும் சறுக்கல் உண்டு: ஓட்டப்பந்தய ஹிஜாப் விற்கும் திட்டம் 2019இல் பிரான்சில் எழுந்த எதிர்ப்பால் அங்குக் கைவிடப்பட்டது. ரஷ்யக் கடைகள் 2023இல் விற்கப்பட்டன. 2024 மார்ச்சில் புதிய சின்னம் வந்தது. பல பத்து வணிகப்பெயர்கள் பதின்மூன்றாகச் சுருக்கப்பட்டன. அவ்வாண்டு விற்பனை சுமார் 1,620 கோடி யூரோ.