கிளிங்கான் நெற்றியும் சேனாபதி முகமும்

1996 நவம்பரின் முதல் பத்து நாட்களுக்குள் ஒப்பனைக் கலைஞர் மைக்கேல் வெஸ்ட்மோரின் கைவேலை இரண்டு நாடுகளில் வெளிவந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஸ்டார் ட்ரெக் வரிசையின் ‘டீப் ஸ்பேஸ் நைன்’ தொடரில் ஓர் அத்தியாயம். தமிழ்த் திரையரங்குகளில் தீபாவளிப் படமாக ‘அவ்வை சண்முகி’. அந்த ஆண்டு மே மாதமே கமல்ஹாசனின் ‘இந்தியன்’ சேனாபதியும் வந்துவிட்டார். ஸ்டார் ட்ரெக்கின் வேற்றுலக இனமான கிளிங்கான்களின் புடைத்த நெற்றியை ஆள் ஆளுக்கு வேறாக வகுத்தவரும், நாம் கொண்டாடிய கிழவரின் கன்னச் சுருக்கங்களை வடித்தவரும் ஒருவரே. பின்னாளில் இரண்டு முகங்களும் வேறு கைகளுக்குப் போயின. இரண்டு ரசிகர் கூட்டங்களும் முகம் சுளித்தன. அந்தச் சுளிப்புகளை அருகருகே வைத்துப் பார்த்தால், ஒப்பனையைப் பற்றி மட்டுமல்ல, பார்ப்பவர்களைப் பற்றியும் சில செய்திகள் கிடைக்கின்றன.

முதலில் கிளிங்கான்கள். 1967இல் அவர்களுக்குக் கருமை பூசிய முகமும் அடர்ந்த புருவமும் மட்டுமே. 1979இல் வந்த முதல் ஸ்டார் ட்ரெக் திரைப்படத்தில் நெற்றி நடுவே எலும்பு மேடு எழுந்தது. ரசிகர்கள் வியந்தார்கள், கேள்வி கேட்டார்கள், ஆனால் ஏற்றுக்கொண்டார்கள். 1987 முதல் 2005 வரை தொலைக்காட்சித் தொடர்களின் ஒப்பனைப் பொறுப்பு வெஸ்ட்மோரிடம் இருந்தது. அந்த 18 ஆண்டுகளில் அந்த நெற்றி கிளிங்கான்களின் அடையாளமாகவே உறைந்துவிட்டது. 2017இல் ‘டிஸ்கவரி’ தொடர் முடியே இல்லாத, பின்னோக்கி நீண்ட மண்டையோடு அவர்களைக் கொண்டுவந்தபோது எழுந்த எதிர்ப்பு, தயாரிப்பாளர்கள் பின்வாங்கும் அளவுக்குப் போனது.

சேனாபதியின் கணக்கு எளிது. 1996இல் ஒரு முகம். 2024 ஜூலையில் ‘இந்தியன் 2’இல் இன்னொரு முகம். பாலக்காட்டின் நல்லேப்பிள்ளி, சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதியில் தமிழ்ப் படங்களை மொழிமாற்றம் இல்லாமலே பார்த்து வளர்ந்த நமக்கு முந்தைய சேனாபதி வீட்டுத் தாத்தாவைப் போல் பழகியவர். புதிய முகம் பழையதுபோல் இல்லை, தோல் இறுகிக் கிடக்கிறது என்பதே பெரும்பாலோர் குறை.

இங்கே ஒரு வேற்றுமையைக் குறித்துக்கொள்ள வேண்டும். கிளிங்கான் என்பது ஓர் இனம். சேனாபதி ஒரு மனிதர். ஓர் இனத்துக்குள் குலத்துக்குக் குலம் முகம் மாறலாம். ஒரு மனிதருக்கு அந்தச் சலுகை இல்லை. ஆகவே கிளிங்கான் ரசிகர்கள் மென்மையாகவும் சேனாபதி ரசிகர்கள் கடுமையாகவும் நடந்துகொண்டிருக்க வேண்டும். நடந்தது அப்படியல்ல. கிளிங்கான் ரசிகர்கள் ஓர் இனம் முழுவதையும் ஒரே ஆளின் முகமாகப் பாவித்தார்கள். அந்த ஆள் வோர்ஃப். அந்த வேடத்தில் நடிகர் மைக்கேல் டோர்ன் ஆண்டுக்கணக்காகச் சுமந்த நெற்றிதான் அவர்களுக்கு அளவுகோல்.

இரண்டு கதைகளும் காரணம் சொல்லவும் முயன்றன. 1996 நவம்பரில் வந்த அந்த அத்தியாயத்தில் வோர்ஃப் பழைய காலத்து மேடில்லாக் கிளிங்கான்கள் நடுவே நிற்கிறார். நண்பர்கள் விளக்கம் கேட்க, வெளியாரிடம் பேசும் விஷயமல்ல என்று முடித்துவிடுகிறார். அந்த அடக்கம் எனக்குப் பிடிக்கும். 2005இல் ‘என்டர்பிரைஸ்’ தொடர் மரபணு மாற்றம், கிருமி என்று இரண்டு அத்தியாயங்களில் முழு விளக்கமே தந்தது. சேனாபதிக்கு வேறு சிக்கல். நேதாஜியின் படையில் நின்றவர் 2024இல் நூறைத் தாண்டியிருக்க வேண்டும். அதற்கு வர்மக்கலையும் உடற்பயிற்சியும் விடையாயின. இரண்டு விளக்கங்களும் அறிவுக்குப் பொருந்துபவை. இரண்டும் முகத்தை நம்பவைக்க உதவவில்லை. மாற்றம் ஏன் என்பது ரசிகரின் இரண்டாவது கேள்விதான்.

முதல் கேள்வி எது என்பதை ஓர் அரிய பொருத்தம் காட்டித்தருகிறது. 1967இல் கோர் என்ற கிளிங்கானாக வந்த ஜான் காலிகோஸ், 27 ஆண்டுகள் கழித்து 1994இல் அதே வேடத்தில் திரும்பினார். உடன் மைக்கேல் அன்சாராவும் வில்லியம் கேம்பலும். மூவருக்கும் முன்பு இல்லாத நெற்றி மேடு. கமல்ஹாசன் 28 ஆண்டுகள் கழித்துச் சேனாபதியாகத் திரும்பினார். ஏறக்குறைய ஒரே இடைவெளி. இரண்டு இடத்திலும் முன்பைவிட மாறிய ஒப்பனை. அடியில் இருந்ததோ அதே நடிகர். ஆனால் கோரை ரசிகர்கள் கட்டித் தழுவினார்கள், சேனாபதியிடம் தயங்கினார்கள்.

காரணம் ஒப்பனையின் அளவில் இல்லை, இடத்தில் இருக்கிறது. காலிகோஸுக்கு மாறியது நெற்றியும் தலைமுடியும். கண்ணும் வாயும் கன்னத் தசையும் அவருடையவையாகவே நின்றன; முதுமையும் அவருடையதே. கமலுக்கோ 41 வயதில் முதுமையைப் பூசவேண்டியிருந்தது. 69 வயதில் சொந்த முதுமை வந்தபிறகும் அதை மூடி இன்னொன்றைப் பூசினார்கள். 1996இன் சேனாபதியில் சுருக்கங்களுக்கு நடுவே கண் கோபத்தில் சிவப்பதும், மகனைப் பற்றிப் பேசுகையில் உதடு நடுங்குவதும் தெரிந்தன. 2024இல் அந்த அசைவுகள் ஒப்பனைக்கு உள்ளேயே நின்றுவிட்டதாக எனக்குப் படுகிறது. டிஸ்கவரியின் கிளிங்கான்களிடம் சொல்லப்பட்ட குறையும் இதுவே. கனமான முகமூடியும் பொய்ப்பற்களும் பேச்சைக் குழறவைத்தன. மார்க் ஓக்ராண்ட் உருவாக்கிய கிளிங்கான் மொழியை ஆசையாகக் கற்ற ரசிகர்களுக்கே அந்த வசனங்கள் ஊர்ந்து சென்றன. வடிவமைப்பில் உழைப்புக் குறைவில்லை. கலைக்கண்ணோடு பார்த்தால் அந்த மண்டைகள் அழகானவை என்றே சொல்வேன். நடிகருக்கு இடம் விடவில்லை என்பதே குற்றம். ஒப்பனைக்குள் நடிகர் தெரிகிறாரா என்பதே ரசிகரின் முதல் கேள்வி.

பாலக்காட்டு மண்ணில் இருப்பவர்களுக்கு இந்த வழக்கு புதிதல்ல. கதகளிக்கு முன்னோடியான இராமனாட்டத்தில் முகமூடிகள் இருந்தன என்றும், வெட்டத்து மரபில்தான் அவை நீங்கி முகத்தெழுத்து வந்தது என்றும் அக்கலையின் வரலாறு கூறுகிறது. பச்சை வேஷத்தின் சுட்டியைக் கவனியுங்கள். அரிசி மாவும் சுண்ணாம்பும் கொண்டு படிப்படியாக எழுப்பிய அந்த வெள்ளை வளையம் தாடையோரம் மட்டுமே நிற்கும். கண், கன்னம், உதடு மூன்றுக்கும் மெல்லிய வண்ணம்தான். பின்னாளில் மாவுச் சுட்டியின் இடத்தில் வெட்டிய காகிதம் வந்தபோதும் முகத்துக்குள் அது நுழையவில்லை. பொருள் மாறியது, எல்லை மாறவில்லை. கதகளி ரசிகர்களும் அதனோடு ஒத்துப்போனார்கள்.

ஸ்டார் ட்ரெக் தயாரிப்பாளர்கள் இதைத் தாமதமாகவேனும் உணர்ந்தார்கள். 2019இல் கிளிங்கான்களுக்கு முடி திரும்பியது, போர்க்காலத்தில் மழித்திருந்தார்கள் என்ற விளக்கத்தோடு. 2023இல் ‘ஸ்ட்ரேஞ்ச் நியூ வோர்ல்ட்ஸ்’ தொடரில் வெஸ்ட்மோர் காலத்து நெற்றியே மீண்டும் வந்துவிட்டது. சேனாபதிக்கும் மூன்றாம் பாகம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதை முடித்துத் தருபவர்களிடம் ஒரே வேண்டுகோள்: கமலின் கண்களைச் சுற்றியும் வாயைச் சுற்றியும் கொஞ்சம் இடம் விடுங்கள்.