மதிப்பெண் என்னும் அளவுகோல்

பௌதிக ஆய்வுக்கூடத்தில் முதல் நாள் நுழையும் மாணவன் கையில் ஆசிரியர் வெர்னியர் அளவியைக் கொடுக்கிறார். அளக்கத் தொடங்குமுன் அவன் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. அளவியின் தாடைகளைச் சேர்த்துவைத்து, அக்கருவிக்கே பிழை உண்டா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பிழை இருந்தால் அதைக் குறித்துவைத்து, பின்னர் எடுக்கும் ஒவ்வோர் அளவையும் அதற்கேற்பத் திருத்த வேண்டும். பௌதிகத்தின் முதற்பாடம் இதுவே. ஆனால் அதே மாணவனைப் பருவ முடிவில் நாம் அளக்கிறோமே, அந்த அளவுகோலுக்குப் பிழை உண்டா என்று பார்த்திருக்கிறோமா? மும்பை நகரின் கல்வி வரலாற்றைக் கொண்டு இக்கேள்வியைச் சற்று ஆராய்வோம்.

1857ஆம் ஆண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பல்கலைக்கழகங்கள் தோன்றின. 1836இல் நிறுவப்பெற்ற லண்டன் பல்கலைக்கழகமே அவற்றுக்கு முன்மாதிரி. கற்பிப்பது கல்லூரியின் வேலை. பரீட்சை நடத்திப் பட்டம் அளிப்பது பல்கலைக்கழகத்தின் வேலை என்று அன்று பிரித்தார்கள். பம்பாயில் 1862இல் முதன்முதலாகப் பி.ஏ. பட்டம் பெற்றவர்களுள் மகாதேவ கோவிந்த ரானடேயும் ராமகிருஷ்ண கோபால் பண்டார்கரும் இருந்தனர். கற்பித்தவர் ஒருவர், வினாத்தாள் அமைப்பவர் மற்றொருவர், விடைத்தாளைத் திருத்துபவர் மாணவனின் முகத்தையே அறியாதவர் என்னும் ஏற்பாடு அக்காலத்திலேயே வேரூன்றிவிட்டது.

இந்த ஏற்பாட்டை நாம் எளிதாகக் குறை கூறிவிட முடியாது. மாதுங்காவில் தென்னிந்தியக் குடும்பங்கள் குடியேறி, 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. 1937இல் ருயா கல்லூரியும் கால்சா கல்லூரியும் அப்பகுதியில் எழுந்தன. அருகிலுள்ள தாராவியிலோ, திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் பலர் தோல் பதனிடும் தொழிலில் உழைத்தனர். செம்பூரை அடுத்த டிராம்பேயில் 1954இல் அணுசக்தி நிலையம் அமைந்தபின், பௌதிகப் பட்டத்துக்குத் தனி மதிப்பு ஏற்பட்டது. தாராவியின் சந்தில் விளக்கடியில் படித்த பிள்ளையின் விடைத்தாளில் பெயர் இல்லை, ஊர் இல்லை, சாதி இல்லை. ஓர் எண் மட்டுமே உண்டு. சிபாரிசுக்கு ஆளில்லாத வீட்டுக்கு அந்த எண்ணே காவலாக நின்றது.

எனினும் காவலனும் கண்ணயர்வதுண்டு. 1913இல் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் ஒரே க்ஷேத்திரகணித விடைத்தாளை நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களிடம் கொடுத்துத் திருத்தச் செய்தனர். கிடைத்த மதிப்பெண்கள் 28 முதல் 92 வரை பரவியிருந்தன! டாக்கா பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக இருந்த பிலிப் ஹார்டாக், 1935இல் ரோட்ஸ் என்பவருடன் வெளியிட்ட ஆராய்ச்சியும் இதையே உறுதிசெய்தது. கணிதத்திலேயே இவ்வாறு என்றால், விளக்கம் எழுதும் பௌதிகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

பௌதிகத்துக்கு மற்றொரு தொல்லையும் உண்டு. மும்பை மாணவர்கள் ஜர்னல் என்றும், தமிழ்நாட்டு மாணவர்கள் ரெக்கார்டு நோட்டு என்றும் அழைக்கும் செய்முறைக் குறிப்பேட்டை நினைத்துப் பாருங்கள். ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் காணும் சோதனையில், விடை வினாடிக்கு வினாடி சுமார் 980 சென்டிமீட்டர் என்று மாணவனுக்கு முன்பே தெரியும். அந்த எண்ணுக்கு அருகில் வந்தால்தான் மதிப்பெண் என்று வைத்தால், அவன் விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு அளவுகளை எழுதக் கற்றுக்கொள்கிறான். நேர்மையாக 940 கண்டு, பிழையின் காரணத்தையும் ஆராய்ந்தவன் பின்தங்குகிறான். இங்கே மதிப்பெண் முறையே பொய்யைக் கற்பிக்கிறது.

இக்குறைகளை அறிஞர்கள் உணராமல் இல்லை. பல்கலைக்கழகக் கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தம் செய்வதானால் அது பரீட்சைச் சீர்திருத்தமாகவே இருக்க வேண்டும் என்பது, 1948–49இல் ராதாகிருஷ்ணன் தலைமையில் இயங்கிய குழுவின் கருத்து. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கல்விக் குழுவுக்குத் தலைவரான கோத்தாரி, பௌதிக அறிஞர். கல்லூரிக்குள் அளிக்கும் மதிப்பீடும் வேண்டும். ஆனால் அதை வெளிப்பரீட்சை மதிப்பெண்ணோடு கலக்காமல் தனியே காட்ட வேண்டும் என்று அக்குழு கூறியது. இருவேறு கருவிகளின் அளவைக் கூட்டிக் குழப்பாத பௌதிகவாதியின் எச்சரிக்கையை இதில் காண்கிறோம்.

மும்பைப் பல்கலைக்கழகம் 2011–12ஆம் கல்வியாண்டில் பருவமுறையையும் தரப்புள்ளி முறையையும் கொண்டுவந்தது. வெளிப்பரீட்சைக்கு 60, கல்லூரி மதிப்பீட்டுக்கு 40 என்று வகுத்து, இரண்டையும் கூட்டியது. 70உம் அதற்கு மேலும் பெற்றால் முதல் தரம். 60 முதல் அடுத்த தரம். ஆண்டு முழுவதும் உழைத்தவனுக்கு இது ஆறுதல். ஆயினும் 69 பெற்றவனும் 70 பெற்றவனும் வெவ்வேறு தரம். 60 பெற்றவனும் 69 பெற்றவனும் ஒரே தரம்! கையில் உள்ள 40 மதிப்பெண்ணை ஆசிரியர் நடுநிலையோடு வழங்குவாரா என்ற ஐயமும் எழுந்தது. இந்தப் பங்கீடு பின்னர் மாற்றியமைக்கப்பட்டது. 2017இல் விடைத்தாள்களைக் கணினித் திரையில் திருத்தும் முறை புகுந்தபோது, முடிவுகள் மாதக்கணக்கில் தாமதமாயின. கருவியை மாற்றினால் மட்டும் அளவு செம்மையாகிவிடாது என்பதை அந்த அனுபவம் காட்டியது.

அப்படியானால் வழி என்ன? இரண்டு நிகழ்ச்சிகள் நமக்கு வழிகாட்டுகின்றன. 2011இல் உச்ச நீதிமன்றம், திருத்தப்பட்ட தன் விடைத்தாளைப் பார்க்கும் உரிமை தேர்வு எழுதியவருக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. 2015இல் சர்வதேசப் பௌதிக ஒலிம்பியாட் போட்டியை, செம்பூருக்கு அருகில் மான்குர்தில் உள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் பொறுப்பேற்று மும்பையில் நடத்தியது. அப்போட்டியில் எழுத்துத் தேர்வுக்கு 30, செய்முறைக்கு 20 மதிப்பெண்கள். விடைத்தாளைப் போட்டி நடத்துவோரும் திருத்துகின்றனர். மாணவனின் நாட்டுக் குழுத் தலைவர்களும் தனியே திருத்துகின்றனர். வேறுபாடு தோன்றினால், எதிரெதிரே அமர்ந்து வரிவரியாக வாதாடி முடிவு செய்கின்றனர். திருத்தியவர் தவறியிருக்கலாம் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் முறை இது.

ஒரு கல்லூரியின் பௌதிக வகுப்பில் இவற்றைச் சிறிய அளவிலேனும் செய்யலாம். எதற்கு எத்தனை மதிப்பெண் என்று பருவத் தொடக்கத்திலேயே அறிவிக்கலாம். செய்முறையில் விடையின் நெருக்கத்துக்கு அன்றி, அளவெடுத்த நேர்மைக்கும் பிழையைக் கணித்த திறனுக்கும் மதிப்பெண் தரலாம். தர எல்லையில் நிற்கும் தாளை இரண்டாவது ஆசிரியர் ஒருவர், பெயர் அறியாமல், மீண்டும் பார்க்கலாம். திருத்திய தாளை மாணவன் கையில் கொடுத்து அவன் வாதத்தையும் கேட்கலாம்.

ஒரு மதிப்பெண்ணால் தரம் தவறிய பிள்ளையின் வீட்டில் அன்றிரவு அடுப்பெரியாது போகலாம். அந்த ஒரு மதிப்பெண் அவனுடைய குறையா, நம் அளவுகோலின் குறையா என்று சொல்லக்கூடிய நிலையில் நாம் இருக்க வேண்டும். அளவியின் தாடைகளைச் சேர்த்துப் பார்க்கும்படி மாணவனிடம் சொல்லும் நாம், நம் அளவுகோலையும் ஒருமுறை அவ்வாறே பார்த்துக்கொள்வோமாக.