மடி வாட்டர்ஸின் பக்கவாத்தியக்காரர்கள்

சிகாகோ ப்ளூஸ் என்று உலகம் கொண்டாடும் இசையை உருவாக்கியவர்களில் பெரும்பாலோர் சிகாகோவில் பிறந்தவர்கள் இல்லை. 1950களின் தொடக்கத்தில் அந்நகரின் கறுப்பின மக்கள் கூடும் கிளப்புகளில் இரவுதோறும் வாசித்த மடி வாட்டர்ஸ் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். தலைவர் பருத்திப் பண்ணையில் டிராக்டர் ஓட்டியவர். மவுத் ஆர்கன் வாசித்தவர் சிறுவயதிலேயே வீட்டை விட்டுக் கிளம்பித் தெருவில் ஊதிப் பிழைத்தவர். பாட்டு எழுதிக் கொடுத்தவர் குத்துச்சண்டைக்காரர்.

மெல்லிசைக் குழுக்களில் பல வருடம் மவுத் ஆர்கனும் கீபோர்டும் வாசித்தவன் நான். திருவிழா நோட்டீஸில் பாடகர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். எங்களுக்கெல்லாம் சேர்த்து ‘மற்றும் குழுவினர்’ என்று ஒரு வரி. அதனால் எந்தக் குழுவின் கதையைப் படித்தாலும், பின்னால் நிற்பவர் யாரிடம் கற்றார், எதைக் கேட்டு வளர்ந்தார் என்றுதான் முதலில் தேடுவேன். அப்படித் தேடியதில் என்னை மிகவும் பிரமிக்க வைத்தது இந்தக் குழு.

மடி வாட்டர்ஸின் இயற்பெயர் மெக்கின்லி மார்கன்ஃபீல்ட். மிசிசிப்பி மாநிலத்தில் கிளார்க்ஸ்டேல் ஊருக்கு அருகே ஸ்டோவல் பண்ணையில் வளர்ந்தார். முதலில் கற்றது மவுத் ஆர்கன், கிட்டார் பிறகுதான். கண்ணாடிக் குப்பியின் கழுத்தை விரலில் மாட்டித் தந்திமேல் வழுக்கி வாசிக்கும் முறையைச் சன் ஹவுஸ் என்ற மூத்த கலைஞரைப் பார்த்துப் பிடித்துக்கொண்டார். 1941 ஆகஸ்டில் ஆலன் லோமாக்ஸும் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் ஜான் வொர்க்கும் அந்தப் பண்ணைக்கே வந்து, அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக அவர் பாடியதைப் பதிவு செய்தார்கள். 1943இல் அவர் சிகாகோவுக்கு ரயிலேறினார். பகலில் கூலி வேலை, இரவில் கச்சேரி. கிளப் இரைச்சலில் மரக்கிட்டார் எடுபடவில்லை, மின்கிட்டாருக்கு மாறினார்.

இரண்டாவது கிட்டார் ஜிம்மி ராஜர்ஸ். இவரும் மிசிசிப்பிக்காரர், ரூல்வில் ஊரில் 1924இல் பிறந்தவர். இவருக்கும் முதல் வாத்தியம் மவுத் ஆர்கன்தான். முன்னால் நிற்பவரின் குரலை மறைக்காமல், கீழ்த்தந்திகளில் ஒரே சீராக நடை போட்டுக்கொண்டே இருப்பார். கேட்பவர் கவனிக்க மாட்டார். ஆனால் அது நின்றால் பாட்டே நின்றுவிடும்.

லிட்டில் வால்ட்டர் 1930இல் லூசியானாவில் மார்க்ஸ்வில் ஊரில் பிறந்தார். நியூ ஆர்லியன்ஸ், ஹெலினா, செயின்ட் லூயிஸ் என்று ஊர் ஊராகச் சுற்றி, சிகாகோவின் மேக்ஸ்வெல் தெருச் சந்தைக்கு வந்து சேர்ந்தார். ஹெலினாவில் மூத்த மவுத் ஆர்கன் கலைஞர் சன்னி பாய் வில்லியம்சனை அருகிலிருந்து கேட்டார். அத்தோடு நிற்காமல், லூயி ஜோர்டனின் இசைத்தட்டுகளில் வரும் சாக்ஸபோன் வாசிப்பையும் மவுத் ஆர்கனில் கொண்டுவரப் பழகினார்.

அவர் வாசித்த விதத்தைச் சற்று விளக்க வேண்டும். சி சுருதி மவுத் ஆர்கனை வெளிமூச்சில் ஊதினால் சி கார்ட் வரும். ப்ளூஸ்காரர்கள் அதைத் திருப்பிப் போட்டார்கள். முதல் நான்கு துளைகளில் மூச்சை உள்ளே இழுத்தால் ஜி கார்ட் கிடைக்கும். இழுக்கும்போது நாக்கையும் தொண்டையையும் கொஞ்சம் மாற்றினால் ஸ்வரம் வளையும். நம் கமகத்தைப் போல இறங்கி ஏறும். வால்ட்டர் சாதாரண மைக் ஒன்றையும் மவுத் ஆர்கனையும் சேர்த்து இரண்டு உள்ளங்கைக்குள் பொத்திப் பிடித்தார். ஆம்ப்ளிஃபயர் வழியே வந்த அந்தத் தடித்த ஓசை சாக்ஸபோனுக்குச் சமமாக நின்றது. நானும் அப்படிப் பிடித்துப் பார்த்திருக்கிறேன். கைக்குள் சிறு இடைவெளி விழுந்தாலும் ஓசை மெலிந்துவிடும்.

பியானோவில் ஓட்டிஸ் ஸ்பேன். மிசிசிப்பியிலிருந்து வந்த இவர், சிகாகோவில் பிக் மேசியோ என்ற பியானோ கலைஞரின் வழியில் வளர்ந்தவர். 1950களின் தொடக்கத்தில் குழுவில் சேர்ந்து, 1960களின் பிற்பகுதி வரை மடி வாட்டர்ஸின் வலக்கையாக இருந்தார்.

பாஸ் வாசித்த வில்லி டிக்சனின் பாதை முற்றிலும் வேறு. 1915இல் விக்ஸ்பர்க்கில் பிறந்தவர். தேவாலயப் பாடல்களை நால்வராகச் சேர்ந்து பாடும் குழுவில் கீழ்க்குரல் பாடிச் சுருதி சேர்க்கக் கற்றார். சிகாகோ வந்து குத்துச்சண்டையில் இறங்கி, 1937இல் இல்லினாய் கோல்டன் கிளவ்ஸ் பட்டம் வென்றார். அவருக்குக் கிடைத்த முதல் பாஸ் ஒரு தகர டின்னில் ஒற்றைத் தந்தி கட்டியது; செய்து கொடுத்தவர் நண்பர் லெனார்ட் கேஸ்டன். 1954இல் வந்த ‘ஹூச்சி கூச்சி மேன்’ டிக்சன் எழுதியதுதான். சான்சிபார் கிளப்பின் கழிவறையில் வைத்து மடி வாட்டர்ஸுக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததாக அவரே நினைவுகூர்ந்திருக்கிறார்.

இந்தக் கூட்டு கிளப்புகளில் கொடிகட்டிப் பறந்தபோது, இசைத்தட்டுக் கம்பெனி நடத்திய லெனார்ட் செஸ் தொடக்கத்தில் குழுவை ஸ்டூடியோவுக்குள் விடவில்லை. 1948இல் வெற்றி பெற்ற ‘ஐ கான்ட் பி சாட்டிஸ்ஃபைட்’ தட்டில் மடியின் கிட்டாரும் பிக் கிராஃபோர்டின் பாஸும் மட்டும்தான். விற்ற முறையை மாற்றச் செஸ்ஸுக்கு மனம் வரவில்லை. மேடையில் முழங்கிய குழுவின் முழு ஓசை தட்டில் ஏறச் சில ஆண்டுகள் பிடித்தன.

1952 மே மாதம் குழுவோடு பதிவு செய்த ‘ஜூக்’ லிட்டில் வால்ட்டரின் பெயரில் வெளிவந்து ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதில் பாட்டே இல்லை. மவுத் ஆர்கன்தான் நாயகன். வால்ட்டர் தனியே போய்விட்டார். ஜூனியர் வெல்ஸின் ஏசஸ் குழுவை அவர் எடுத்துக்கொள்ள, வெல்ஸ் மடியிடம் வந்து சேர்ந்தார். ஏசஸின் டிரம்மர் ஃபிரெட் பிலோ சிகாகோவிலேயே பிறந்தவர். ராய் நாப் இசைப்பள்ளியில் முறையாகப் படித்தவர், மனம் முழுக்க ஜாஸ். ப்ளூஸ் முதலில் அவருக்குப் பிடிபடவே இல்லை. 1955இல் வந்த வால்ட்டரின் ‘மை பேப்’ கேளுங்கள். மெட்டு தேவாலயப் பாட்டிலிருந்து டிக்சன் எடுத்தது, தாளம் ஜாஸ் பயின்ற பிலோ கை. அதுவும் முதலிடம் போனது.

ஒரே குருவிடம் படித்த ஆறு பேர் சேர்ந்திருந்தால் இந்த ஓசை பிறந்திருக்காது என்பது என் தீர்மானமான கருத்து. பருத்திக் காடு, தெருச் சந்தை, தேவாலயம், இசைப்பள்ளி எல்லாம் ஒரே மேடையில் மோதியதால்தான் அது பிறந்தது. தலைவரின் பெருமை, இவர்கள் ஒவ்வொருவருக்கும் இடம் விட்டு நின்றதில் இருக்கிறது.

ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் மடி வாட்டர்ஸை 1987இல் சேர்த்துக்கொண்டது. லிட்டில் வால்ட்டருக்கு அந்த இடம் 2008இல்தான் கிடைத்தது, அதுவும் பக்கவாத்தியக்காரர் பிரிவில். அவர் இறந்து அப்போது நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.