கோஷா ஆஸ்பத்திரி சொல்லும் வரலாறு

முகத்திரை அணிந்த முஸ்லிம் பெண்களோடு பழகுவது கடினம் என்போர், திரையை மட்டுமே தடையாகக் காண்கின்றனர். சென்னையின் வரலாறு வேறொன்றைக் காட்டுகிறது. ‘கோஷா’ என்பது அயல் ஆடவர் பார்வையினின்று பெண்கள் விலகி வாழும் முறை. ஆண் மருத்துவரை நாடத் தயங்கி, இப்பெண்கள் பலர் சிகிச்சையின்றித் துன்புற்றனர். 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் மாணவியருள் ஒருவரான மேரி ஷார்லீப்பின் முயற்சியால், சாதி இந்துப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்குமென 1885இல் ஒரு மருத்துவமனை தோன்றியது. ஒதுங்கி வாழ்தல் முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இதுவே சான்று. மருத்துவர் பெண்ணாக இருந்தமையால் நோயாளிகள் வந்தனர். திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தியின் பெயரால் இயங்கும் அது, மக்கள் வழக்கில் இன்றும் ‘கோஷா ஆஸ்பத்திரி’தான். திரையைக் குறைகூறுமுன், நம் நிறுவனங்கள் அப்பெண்களுக்கு எத்தகைய வாயிலைத் திறந்துள்ளன என்று ஆராய வேண்டும்.