தனிக் கோப்பையா, தனிக் களமா?

கார் ராலிக்குள் பெண்களைக் கொண்டுவர இரண்டு வழிகள் கையாளப்பட்டிருக்கின்றன. ஆண்களோடு ஒரே சாலையில் ஓட்டவிட்டு, பெண் அணிகளில் முதலில் வருவோருக்குத் தனியாக ஒரு கோப்பை தருவது ஒன்று. மான்டே கார்லோ போன்ற ஐரோப்பிய ராலிகளில் ‘கூப் தே டாம்’ என்ற பெயரில் இருந்தது இந்த ஏற்பாடுதான். பெண்களுக்கு மட்டுமே என்று ஒரு ராலியை அடிப்படையிலிருந்தே வகுப்பது இன்னொன்று. 1990-இல் டொமினிக் செரா என்ற பிரெஞ்சுப் பெண்மணி மொராக்கோவில் தொடங்கிய ‘ஐஷா தே கஸேல்’ ராலி அத்தகையது. பந்தயத்தைப் பிழைப்பாகக் கொள்ளாத பெண்களும் நுழைய இரண்டுமே இடம் தந்தன. ஆனால் இரண்டும் அளந்தது ஒன்றையே அல்ல.

முதலில் கோப்பை. அதைக் குறைத்துப் பேசுவது எளிது. ஆனால் அது செய்த வேலை பெரியது. 1950-களில் கார் நிறுவனங்களுக்குப் பெண்கள் கோப்பை ஒரு நல்ல விளம்பரம். அதை வெல்ல ஓட்டத் தெரிந்த பெண்கள் வேண்டும், அவர்களுக்கு ஓடக்கூடிய கார் வேண்டும். குதிரையேற்றப் போட்டிகளில் பெயர் பெற்றிருந்த பாட் மாஸ் ராலிக்கு வந்தது, ஓட்டுபவருக்கு வழி சொல்லும் நேவிகேட்டராகத்தான். 1955-இல் பிரிட்டனின் ஆர்.ஏ.சி. ராலிக்கு எம்.ஜி. நிறுவனம் அவருக்குக் காரும் செலவும் கொடுத்தது. ஐந்தே ஆண்டுகளில், 1960-இல், அவரும் நேவிகேட்டர் ஆன் விஸ்டமும் ஆஸ்டின் ஹீலி 3000 காரில் லியேஜ்-ரோம்-லியேஜ் ராலியை வென்றார்கள். தூக்கத்துக்கு நேரமே தராமல் நாள்கணக்கில் ஓட்டவைத்த, ஐரோப்பாவின் மிகக் கடினமான சாலைப் பந்தயங்களுள் ஒன்று அது. பெண்களில் முதலிடம் என்ற கணக்கே அங்கே தேவைப்படவில்லை; ஆண், பெண் அனைவரிலும் முதலிடம். 1962-இல் நெதர்லாந்தின் ட்யூலிப் ராலியையும் இதே இருவர் மினி கூப்பரில் வென்றனர். 1965-இல் அதே ட்யூலிப் ராலியில் டப்ளின் நகரத்து ரோஸ்மேரி ஸ்மித், வேலரி டாம்லியோவுடன் ஒரு சின்ன ஹில்மன் இம்ப் காரில் முதலிடம் பிடித்தார். தையல் கலை பயின்று உடை வடிவமைப்பில் இருந்த பெண் அவர்.

கோப்பையின் குறையும் ரோஸ்மேரியின் கதையிலேயே இருக்கிறது. 1966 மான்டே கார்லோ ராலி முடிந்ததும், முகப்பு விளக்குகள் விதிப்படி இல்லை என்று சொல்லி முதல் நான்கு இடங்களில் வந்த கார்களைத் தகுதி நீக்கினார்கள். அதே காரணத்தால் ரோஸ்மேரியின் காரும் தகுதி நீக்கப்பட்டது. அந்த விவகாரம் இன்றுவரை பேசப்படுகிறது. ரோஸ்மேரியைப் பற்றிச் சொல்லும்போது மட்டும், பெண்கள் கோப்பையை இழந்தார் என்றே பெரும்பாலும் எழுதுகிறார்கள். அவர் இழந்தது ஒட்டுமொத்தப் பட்டியலின் ஆறாம் இடத்தை. உலகின் மிகப் புகழ்பெற்ற ராலியில் எல்லோரிலும் ஆறாவதாக வந்தவரைப் ‘பெண்களில் முதல்வர்’ என்று சுருக்கிவிடும் பழக்கத்தை அந்தக் கோப்பையே வளர்த்துவிட்டது என்பது என் எண்ணம்.

இனி மொராக்கோ. கஸேல் ராலியில் ஜி.பி.எஸ். கிடையாது, கைப்பேசி கிடையாது. ஒரு காருக்கு இரண்டு பெண்கள். அன்றன்று தொட வேண்டிய இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் காலையில் கைக்கு வரும். பழைய கருப்பு வெள்ளை வரைபடத்தில் அளவுகோல் வைத்து அவற்றைக் குறித்துக்கொண்டு புறப்பட வேண்டும். வேகத்துக்கு மதிப்பெண்ணே இல்லை. மிகக் குறைந்த கிலோமீட்டரில் எல்லா இடங்களையும் தொட்டு வந்தவர்களுக்கே வெற்றி. விட்டுப்போன இடத்துக்குத் தண்டக் கிலோமீட்டர் ஏறும்.

இதன் நுட்பத்தை உணர, காரை விட்டு இறங்கும் நேவிகேட்டரைக் கவனிக்க வேண்டும். காரின் இரும்பு திசைகாட்டியின் முள்ளை இழுத்துவிடும் என்பதால் அவர் பல அடி தள்ளிப் போய் நிற்கிறார். திசைகாட்டியைக் கண்ணுக்கு நேரே பிடித்து, தொலைவில் உள்ள ஒரு மலைப் பிளவையோ ஒற்றைப் பாறையையோ இலக்காக எடுத்துக்கொள்கிறார். எதிரே மணல்மேடு. நேரே ஏறினால் தூரம் மிச்சம். ஆனால் டயரில் காற்றை இறக்க வேண்டும், புதைந்தால் மண்வெட்டியால் தோண்டிச் சக்கரத்துக்கு அடியில் தகடு செருக வேண்டும். சுற்றிப் போனால் கார் தப்பிக்கும், கிலோமீட்டர் ஏறும். ஸ்டியரிங் பிடித்தவர் தனியாக முடிவு செய்ய முடியாத இடம் இது. வரைபடம் பார்ப்பவரின் சொல்லுக்கு ஓட்டுபவரின் கைக்குச் சமமான எடை இங்கே உண்டு. கஸேல் ராலியின் பெருமையாக நான் கருதுவது இதைத்தான். ஆண்கள் இல்லாதது அதற்கு அடுத்தபடிதான்.

குறையும் உண்டு. நுழைவுக் கட்டணம் கனம். விளம்பரதாரரைத் தேடி அலையாமல் பலராலும் போக முடியாது. ஏறத்தாழ இரண்டு வாரம் வீட்டையும் வேலையையும் விட வேண்டும். அதைவிட முக்கியமானது, அங்கே வென்றவரின் திறமையை ஆண்களின் திறமையோடு வைத்துப் பார்க்க வழியே இல்லை. லியேஜில் பாட் மாஸ் நிறுவியதைப் போன்ற ஒன்றை அங்கே நிறுவ முடியாது. 1981-இல் மிஷேல் மூட்டன், ஃபப்ரிட்ஸியா போன்ஸ் என்ற இரு பெண்கள் இத்தாலியின் சான்ரெமோவில் உலக ராலி சாம்பியன்ஷிப்பின் ஒரு சுற்றை வென்றதும் பொதுக் களத்தில்தான்.

ஆகவே, தொடங்குவதற்குத் தனிக் களம், நிலைப்பதற்குப் பொதுக் களம் என்பதே என் தீர்ப்பு. எல்லோரும் ஓடும் ராலியில் ஒரு கோப்பையை மட்டும் ஒதுக்கினால், ஏற்கெனவே ஓட்டத் தெரிந்தவர்களே வருவார்கள். தனிக் களத்தோடு நிறுத்திக்கொண்டால், வந்தவர்கள் அங்கேயே தங்கிவிடுவார்கள்.

நம் நாட்டில் மகளிர் தினத்தையொட்டி நடக்கும் பெண்கள் ராலிகளுக்கும் இது பொருந்தும். இவை பெரும்பாலும் டி.எஸ்.டி. எனப்படும் நேரம்-வேகம்-தூரம் முறையில் நடப்பவை. குறித்த சராசரி வேகத்தில் போக வேண்டும். வழியில் எங்கே நேரம் பார்ப்பார்கள் என்று தெரியாது. முந்திப் போனாலும் தண்டம், பிந்தினாலும் தண்டம். திருப்பங்களை அம்புக்குறிப் படங்களாகக் காட்டும் ரோடு புக் தரப்படும்; அந்தப் பட முறையே ட்யூலிப் ராலியிலிருந்து வந்ததுதான். தினமும் அலுவலகத்துக்கு ஓட்டும் கார் போதும், பெரிய செலவு இல்லை. சாதாரணப் பெண்கள் ராலியைக் கற்க இதைவிட நல்ல பள்ளி கிடையாது. ஆனால் சிலவற்றில் காரை அலங்கரித்தவருக்கும் அழகாக உடுத்தியவருக்கும் பரிசு கொடுத்து, படம் எடுத்து, அத்தோடு முடித்துவிடுகிறார்கள். சராசரி வேகக் கணக்கைச் சொல்லிக் கொடுக்க ஆளில்லாததால், வழி தப்பிய அணிகள் அடுத்த ஆண்டு வருவதில்லை.

நடத்தும் கிளப்புகளுக்கு என் வேண்டுகோள் மூன்று. ராலிக்கு முன் ஓர் அரை நாளாவது நேவிகேஷன் வகுப்பு வையுங்கள். முடிந்ததும் ஒவ்வோர் அணிக்கும் எங்கே எத்தனை விநாடி தவறியது என்ற தாளைக் கொடுங்கள். வென்ற இருவரையும் உங்கள் அடுத்த பொது ராலியில் கட்டணம் வாங்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.