நாள் தள்ளிப்போகும் முன்: சென்னையின் மேற்குப் புறநகரும் ஒரு வைட்டமினின் வரலாறும்

1931ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லூசி வில்ஸ் (1888–1964) என்ற ஆங்கிலேய மருத்துவர் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியில் பணியாற்றிக்கொண்டிருந்தார். அந்த மருத்துவமனைக்குக் கஸ்தூரிபா காந்தியின் பெயர் சூட்டி வெகுகாலம் ஆகிறது. ஆனாலும் அம்பத்தூரிலிருந்தும் ஆவடியிலிருந்தும் பிரசவத்துக்குப் போகிறவர்களின் வாயில் அது இன்றும் கோஷா ஆஸ்பத்திரிதான். கர்ப்பிணிகளை வாட்டிய ஒருவகை இரத்தசோகைக்கு வில்ஸ் காரணம் தேடினார். அவர் கண்டறிந்த சத்துதான் பின்னாளில் ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண்ணுக்கு உலகெங்கும் மருத்துவர்கள் முதலில் எழுதித் தரும் வைட்டமின் அதுவே.

அது வளர்ந்த கதையில் பம்பாய், குன்னூர், சென்னை மூன்றுக்கும் பங்குண்டு. அப்படியிருந்தும் நம் ஊரில் அது கர்ப்பம் உறுதியான பிறகு தரும் ‘சத்து மாத்திரை’யாகவே நிலைத்துவிட்டது. கருத்தரிக்கும் முன்பே தொடங்க வேண்டிய மருந்து என்ற அறிவு மருத்துவக் கையேடுகளில் இருக்கிறது. வீட்டுப் புழக்கத்தில் இல்லை. வில்ஸ் கேட்ட கேள்வி ஒன்று, அறுபது ஆண்டு கழித்து ஐரோப்பியர் கேட்ட கேள்வி வேறு. முதல் கேள்வியின் அடிப்படையில் எழுந்த நம் அரசுத் திட்டங்கள் இரண்டாம் கேள்விக்கு ஏற்றபடி முழுமையாகத் திரும்பவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பம்பாய், குன்னூர், திருவல்லிக்கேணி

வில்ஸ் இந்தியாவுக்கு வந்தது 1928இல். பம்பாய் ஹாஃப்கின் நிறுவனத்தில் இருந்துகொண்டு, பஞ்சாலைத் தொழிலாளர் குடியிருப்புப் பெண்களை ஆராய்ந்தார். கர்ப்பத்தின் பிற்பகுதியில் அவர்களுடைய சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, அளவில் ஊதிப்போயின. பலர் அதனாலேயே இறந்தனர். முதலில் கிருமியைத் தேடினார், கிடைக்கவில்லை. பிறகு சமையலறைப் பக்கம் திரும்பினார். பாலும் பழமும் கீரையும் அரிதாகச் சேரும் ஏழை வீடுகளில், அதிலும் கோஷாவில் இருந்த முஸ்லிம் பெண்களிடையே, நோய் கடுமையாக இருந்தது.

1929 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை குன்னூர் பாஸ்டர் நிறுவன வளாகத்தில் வேலை செய்தார். ராபர்ட் மக்கரிசன் அங்கே 1918இல் ஒற்றை அறையில் தொடங்கிய பெரிபெரி ஆய்வு, அதற்குள் பெரிய ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாகியிருந்தது. (1958இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருப்பது அதுதான்.) இந்தியாவின் வெவ்வேறு வட்டாரச் சாப்பாட்டை எலிக் கூட்டங்களுக்குக் கொடுத்து எடைபோட்டுப் பார்த்தவர் மக்கரிசன். கோதுமையும் பாலும் காய்கறியும் கொண்ட சீக்கியர் உணவைத் தின்ற எலிகள் கொழுத்தன. மதராஸ் சாப்பாட்டைத் தின்றவை இளைத்துப் பின்தங்கின. நம் தட்டைப் பற்றி எலிகள் சொன்ன அந்தத் தீர்ப்பு பலருக்கு உறைத்திருக்கும். ஆனால் அது தீட்டிய அரிசியையும் அதோடு சேராத பாலையும் காயையும் பற்றிய தீர்ப்பு. அரிசிச் சோற்றையே குற்றவாளி ஆக்கியதாகப் படிப்பது பிழை.

வில்ஸின் எலிகளோ அவரை ஏமாற்றின. அவற்றுக்கு வந்த இரத்தசோகையில், பேன் வழியே பரவும் பார்டொனெல்லா என்ற கிருமிக்குப் பெரும்பங்கு இருந்தது. பின்னர் குரங்குகளுக்குப் போனார். மெலிந்து நலிந்த ஒரு குரங்குக்கு மார்மைட் கொடுத்ததும் அது தேறியது. பீர் காய்ச்சும் ஈஸ்ட்டிலிருந்து எடுக்கும் கறுத்த, உப்புக் கரிக்கும் பசை அது. இலங்கைத் தமிழர் வீடுகளில் இன்றும் புழங்குகிறது. அதையே நோயாளிகளுக்கும் கொடுத்தார், இரத்தம் ஊறியது. 1931 ஜூனில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரை வந்தது. தூய்மைப்படுத்திய ஈரல் சாறு இந்த நோய்க்கு உதவவில்லை, கச்சாச் சாறுதான் உதவியது என்பதையும் அடுத்த ஆண்டுகளில் காட்டினார். பி12 அல்லாத இன்னொரு பொருள் இருக்கிறது என்பதற்கு அதுவே தடயம். பி12 என்ற பெயரே அப்போது பிறந்திருக்கவில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது: அவர் பார்த்த பெண்கள் எல்லாரும் ஏற்கெனவே மாதம் ஏறியவர்கள். தாயைப் பிழைக்க வைப்பது எப்படி என்பதே கேள்வி. கருவின் முதல் மாதம் யார் சிந்தனையிலும் இல்லை.

1941இல் அமெரிக்காவின் டெக்சஸில் டன் கணக்கான பசலையினக் கீரையைப் பிழிந்து அந்தப் பொருளைப் பிரித்து, ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். அதை ஆய்வகத்தில் செய்துகாட்டியது லெடர்லே நிறுவனத்தில் எல்லாப்ரகட சுப்பாராவ் தலைமையில் இயங்கிய குழு, 1945இல் அறிவித்தனர். பீமவரத்தில் பிறந்த சுப்பாராவ், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்தவர். கதராடை அணிந்து ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கைநழுவி எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியேறினார். ஃபோலிக் அமிலம் குணப்படுத்தும் நோய்களில் ஒன்றான வெப்பமண்டல ஸ்ப்ரூ அவர் குடும்பத்தில் உயிர் குடித்த நோய். லெடர்லே அந்த மருந்துக்கு வைத்த பெயர் ஃபோல்வைட். நம் மருந்துக்கடையில் அப்பெயரில் இன்றும் பெரும்பாலும் கிடைப்பது 5 மில்லிகிராம் மாத்திரை. இரத்தசோகைக்கு ஏற்ற அளவு அது. கருத்தரிக்கத் திட்டமிடும் பெரும்பாலான பெண்களுக்குப் போதுமான 400 மைக்ரோகிராமைப் போலப் பன்னிரண்டரை மடங்கு. மருந்து முதலில் எந்த நோய்க்கு வந்தது என்பதை அந்த மாத்திரையின் எடையே சொல்கிறது.

இருபத்தெட்டு நாள்

கருவில் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழாய், கருவுற்ற 28ஆம் நாளுக்குள் மூடிவிடுகிறது. அதாவது நாள் தள்ளி இரண்டு வாரம் ஆவதற்குள். அது சரியாக மூடாவிட்டால் முதுகுத்தண்டு திறந்தோ மண்டையோடு இல்லாமலோ குழந்தை பிறக்கும். இதற்கும் ஃபோலேட் குறைவுக்கும் தொடர்பிருக்கலாம் என்று இங்கிலாந்தில் ரிச்சர்ட் ஸ்மிதெல்ஸும் எலிசபெத் ஹிப்பர்டும் 1965இல் எழுதினார்கள். ஐயம் தீர்ந்தது 1991இல் வெளிவந்த ஒரு பரிசோதனையில். 7 நாடுகளில் 33 மையங்கள், முன்பு இத்தகைய குழந்தை பெற்ற 1,817 பெண்கள். கருத்தரிக்கும் முன்பிருந்தே நாளுக்கு 4 மில்லிகிராம் எடுத்தவர்களிடையே குறைபாடு மீண்டும் நேர்வது 72 விழுக்காடு குறைந்தது. அடுத்த ஆண்டே ஹங்கேரியில் ஆண்ட்ரூ செய்ஸல், முன்வரலாறு இல்லாத பெண்களுக்கும் இது பொருந்தும் எனக் காட்டினார்: 0.8 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் சேர்ந்த வைட்டமின் எடுத்த குழுவில் ஒரு குழந்தைக்கும் இக்குறைபாடு இல்லை, மற்ற குழுவில் ஆறு. 1992இல் அமெரிக்கா, பிள்ளை பெறும் வயதுள்ள எல்லாப் பெண்களுக்கும் நாளுக்கு 400 மைக்ரோகிராம் என்றது. அங்கே கர்ப்பங்களில் ஏறக்குறையப் பாதி திட்டமிடாமல் வருபவை என்பதால் மாத்திரையை மட்டும் நம்பாமல், 1998 முதல் தானிய மாவில் 100 கிராமுக்கு 140 மைக்ரோகிராம் கலப்பதைக் கட்டாயமாக்கியது.

இந்தியா அந்தப் பரிசோதனைக் காலத்தில் சும்மா இருக்கவில்லை. முன்பு இத்தகைய குழந்தை பெற்ற பெண்களிடம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஒப்பீட்டு ஆய்வு தொடங்கியிருந்தது. 1991 முடிவு வந்ததும் நிறுத்த வேண்டியதாயிற்று. இந்தியாவில் இக்குறைபாடு ஆயிரம் பிறப்புக்கு நான்குக்கு மேல் என்பது பிற்காலத் தொகுப்பாய்வுகளின் கணக்கு. ஆனால் திட்டங்களின் அச்சு அதற்கும் முன்பே வார்க்கப்பட்டுவிட்டது. 1970இல் தொடங்கிய தேசிய இரத்தசோகைத் தடுப்புத் திட்டம் 60 மில்லிகிராம் இரும்பையும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலத்தையும் ஒரே மாத்திரையில் அடைத்தது. இரும்பு வயிற்றைப் புரட்டும். மசக்கைக் காலத்தில் விழுங்க முடியாது. ஆகவே அம்மாத்திரை நான்காம் மாதத்தில்தான் தொடங்கும். இரும்போடு கைகோத்த ஃபோலிக் அமிலமும் நான்காம் மாதம் வரை காத்திருந்தது, அதன் முக்கிய வேலை முதல் மாதத்திலேயே முடிந்துவிட்ட பிறகும்.

2018இல் வந்த ‘அனீமியா முக்த் பாரத்’ இதைத் திருத்தியது. கருத்தரிக்கும் முன்பிருந்து முதல் மூன்று மாதம் வரை நாளுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் தனியாக, நான்காம் மாதத்திலிருந்து இரும்போடு என்று வழிகாட்டுதல் எழுதியது. தாளில் குறை இல்லை.

சி.டி.எச். ரோட்டில்

பாடியிலிருந்து அம்பத்தூர், ஆவடி வழியாகத் திருநின்றவூர் போகும் சி.டி.எச். ரோட்டிலும் பூந்தமல்லி நெடுஞ்சாலையிலும் கருத்தரிப்பு மையங்களின் பலகைகளைப் பார்க்கலாம். 1990இல் கமலா செல்வராஜ் சென்னையில் தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையைப் பிறப்பித்தபோது அரிதாக இருந்த சிகிச்சை, இன்று தொழிற்பேட்டைச் சம்பளக்காரர்களையும் தேடி வந்துவிட்டது. விந்தை என்னவென்றால், ‘முன்கூட்டியே ஃபோலிக் ஆசிட்’ என்ற அறிவுரை நம்மிடம் பெரும்பாலும் இந்த வாசல் வழியாகத்தான் வீட்டுக்குள் வருகிறது. குழந்தை தாமதமானவர்களுக்கு அது கிடைக்கிறது. கல்யாணமாகி மூன்றாம் மாதமே ‘விசேஷம்’ ஆகிறவளுக்குக் கிடைப்பதில்லை.

அதே சீட்டில் கணவனுக்கும் துத்தநாகம், ஃபோலிக் அமிலம், இன்னபிற எழுதப்படுவதுண்டு. அதற்கான சான்று மெலிந்தது. அமெரிக்காவில் 2,370 தம்பதியரை வைத்து நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வில், ஆண்களுக்கு ஆறு மாதம் 5 மில்லிகிராம் ஃபோலிக் அமிலமும் 30 மில்லிகிராம் துத்தநாகமும் கொடுத்தும் விந்தின் தரம் கூடவில்லை, குழந்தைப்பேறும் கூடவில்லை. வயிற்றுக் கோளாறுதான் கூடியது. வைட்டமின் ஈயின் கதையும் இப்படியே. 1922இல் எவன்ஸும் பிஷப்பும் கண்டுபிடித்தபோது, அது இல்லாத எலிகளின் கருக்கள் வயிற்றிலேயே கரைந்தன. மகப்பேற்று வைட்டமின் என்றே கொண்டாடினார்கள். சாதாரணமாகச் சாப்பிடும் மனிதருக்கு அந்தப் பலன் நிறுவப்படவில்லை. அந்தப் பச்சைக் குளிகையை நம்மவர்கள் உடைத்து முகத்திலும் தலையிலும் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

உணவின் பங்கைச் சோதித்த இந்திய ஆய்வு மும்பையில் நடந்தது. குடிசைப் பகுதிகளில் 6,500க்கும் மேற்பட்ட பெண்களுக்குக் கருத்தரிக்கும் முன்பிருந்தே தினமும் ஒரு சிற்றுண்டி; ஒரு பாதிப் பேருக்குக் கீரை, பழம், பால் சேர்த்தது, மறுபாதிக்கு உருளைக்கிழங்கு, வெங்காயம் போன்றவை சேர்த்தது. மொத்தக் கணக்கில் பிறப்பு எடை கூடவில்லை. கருத்தரிக்க மூன்று மாதமாவது முன்பே தொடங்கியவர்களுக்கு மட்டும் குழந்தை எடை 48 கிராம் கூடியது. கர்ப்பகால நீரிழிவு, கீரைச் சிற்றுண்டி உண்டவர்களிடம் மறுபாதியின் 12.4 விழுக்காட்டுக்கு எதிராக 7.3 ஆக இருந்தது. நம் வீடுகளில் பூப்பெய்திய பெண்ணுக்கு உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் கொடுக்கும் வழக்கம், கர்ப்பத்துக்கு வெகுமுன்பே உடம்பைத் தேற்ற வேண்டும் என்ற நினைப்பு நமக்குப் புதிதல்ல என்று காட்டுகிறது. பருப்பு வகைகளில் ஃபோலேட் உண்டு. ஆனால் அது உடம்பில் பல்லாண்டு தங்கும் சரக்கல்ல; பதினான்கு வயதில் தின்ற களி இருபத்தைந்தில் உதவாது. கீரையை நெடுநேரம் வேகவைத்து நீரை இறுத்துக் கொட்டினால் சத்தில் பெரும்பகுதியும் சேர்ந்தே போய்விடும்.

ரேஷன் கடைச் செறிவூட்டிய அரிசியைப் பிளாஸ்டிக் அரிசி என்று சந்தேகித்தவர்கள் உண்டு. அதில் கிலோவுக்கு 75 முதல் 125 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் இருக்கிறது. நாளுக்கு 300 கிராம் அரிசி சமைத்து உண்டாலும் 40 மைக்ரோகிராமைத் தொடாது. இரும்பு, பி12 இரண்டோடும் சேர்த்து இரத்தசோகையை மனத்தில் வைத்து வகுத்த கலவை அது. அமெரிக்க மாவோடு ஒப்பிட்டால் பத்தில் ஒரு பங்கும் இல்லை.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் 18,000 ரூபாயும், அதில் அடங்கிய இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களும் கர்ப்பத்தைப் பதிந்த பிறகு வருபவை. பதிவுக்கான கெடு 12 வாரம். நரம்புக் குழாய்க்கு நான்கு வாரம். முன்பு நரம்புக் குழாய்க் குறைபாட்டோடு குழந்தை பெற்றவளுக்கும் வலிப்பு மருந்து சாப்பிடுகிறவளுக்கும் மருத்துவர் சொல்லும் உயர்ந்த அளவு தேவைப்படும் என்பதால், அவர்களையாவது முன்கூட்டியே அடையாளம் காண வேண்டும்.

அதற்கு ஏற்பாடு இல்லாமல் இல்லை. குடும்பநலத் திட்டம் நாடெங்கும் செவிலியர் கையில் கொடுத்த தகுதியுள்ள தம்பதியர் பதிவேட்டில், புதிதாகக் கல்யாணமானவர்களின் பெயர் ஏற வேண்டும். அடிக்கடி வாடகை வீடு மாறும் அம்பத்தூர், ஆவடிக் குடித்தனங்களில் பலர் விடுபடுவார்கள். ஆனாலும் கர்ப்பத்துக்கு முன்பே ஒரு தம்பதியை அரசு அறிந்துகொள்ளும் ஏடு அது. கருத்தடைக்காக உருவானது. ‘இப்போதைக்குத் தள்ளிப்போடுகிறீர்களா?’ என்று கேட்கவே செவிலியர் படியேறினார். ‘இல்லைம்மா, பிள்ளைக்குத்தான் பார்க்கிறோம்’ என்று பதில் வந்தால் அந்த வீட்டில் அவர் வேலை முடிந்தது. 400 மைக்ரோகிராம் மாத்திரை போய்ச் சேர வேண்டிய வீடு அதுவே.