மூன்று பென்ஸ் வரி

வட அமெரிக்காவிலிருந்த பதின்மூன்று குடியேற்ற நாடுகளும் பிரித்தானியாவை எதிர்த்துக் கிளர்ந்தமைக்குக் காரணம் யாதென வினவினால், வரிச்சுமை என்றே மாணவர் எழுதுவர். எத்தனையோ விடைத்தாள்களில் இதனைக் கண்டுள்ளேன். ஆனால், இங்கிலாந்து மக்கள் அக்காலத்திற் செலுத்திய வரியோடு ஒப்புநோக்கின், குடியேறியோர் செலுத்தியது சொற்பமே.

1763இல் ஏழாண்டுப் போர் முடிந்தபோது பிரித்தானியா பெருங்கடனில் ஆழ்ந்திருந்தது. அமெரிக்காவில் நிறுத்திய படைகளின் செலவில் ஒரு பகுதியையேனும் அங்கேயே பெறக் கருதிய பாராளுமன்றம், 1765இல் முத்திரைச் சட்டத்தை இயற்றியது. காணி உறுதி, செய்தித்தாள், விளையாட்டுச் சீட்டு யாவற்றுக்கும் முத்திரை வேண்டும். மீறுவோரை யூரர் இல்லாத நீதிமன்றிலும் விசாரிக்கலாம். அதுகாறும் உள்நாட்டு வரிகளை விதித்தவை அவரவர் சட்டசபைகளே. வேர்ஜீனியாவின் சபை 1619 தொட்டே கூடிவந்தது.

எம் பிரதிநிதி ஒருவரேனும் அமராத மன்று எமக்கு வரி விதிப்பதா என்று அவர்கள் கேட்டனர். மான்செஸ்டர் போன்ற நகரங்களுக்குந்தான் உறுப்பினர் இல்லை, பாராளுமன்றம் எல்லோர்க்குமாகவே சிந்திக்கிறது என்பது இலண்டனின் விடை. கேட்பதற்குத் தக்க விடையே! மேரிலாந்து வழக்கறிஞர் டானியல் டுலானி அதனை அவ்வாண்டிலேயே தகர்த்தார். இங்கிலாந்துக்கு விதிக்கும் வரி, அதனை விதிப்பவரையும் அவர்தம் வாக்காளரையுஞ் சாரும். அமெரிக்காவுக்கு விதிப்பது அவர்களைத் தீண்டாது. அவர்தம் சுமையைக் குறைக்கவுஞ் செய்யும். கடலுக்கு அப்பாலுள்ள ஆட்சியின்பால் எழுந்த ஐயத்தின் வேர் இதுவே என்பது என் கருத்து.

1766இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. அதே நாளில், எவ்விடயத்திலும் குடியேற்ற நாடுகளைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் தமக்குண்டெனப் பாராளுமன்றம் வேறொரு சட்டத்தாற் சாற்றியது.

1773இல் வந்த தேயிலைச் சட்டம் தேயிலையின் விலையைக் குறைக்க வழிசெய்தது. இறாத்தலுக்கு மூன்று பென்ஸ் வரியை மட்டும் விட்டுவைத்தது. மலிந்த தேயிலையை வாங்கினால் அவ்வரியை ஒப்பியதாகும். டிசெம்பர் 16ஆம் நாள் இரவு பொஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டிகள் கடலில் வீழ்ந்தன. அது சீனத் தேயிலை; நம் நாட்டுத் தேயிலைத் தோட்டங்கள் அதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு பிந்தியவை.

1774 யூன் 1ஆம் நாள், இழப்பீடு கொடுக்கும்வரை துறைமுகம் மூடப்பட்டது. தேயிலையைத் தொட்டவர்க்கும் தொடாதவர்க்கும் ஒரே தண்டனை. தென் கரோலைனா பொஸ்டனுக்கு அரிசி அனுப்பியது. செப்டெம்பரிற் பன்னிரு குடியேற்ற நாடுகளின் பேராளர் பிலடெல்பியாவிற் கூடினர்.